கோதுத் தக்காளியும் கராஜுக்குப் பின்னாலை இருந்த வாளியும்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
செப்ரெம்பர் 29, ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் ஜென்சிக்கு,

அம்மா எழுதுறன். மாதாவின்ரை புண்ணியத்திலை இஞ்சை எல்லாரும் நல்ல சுகம், என்ரை முழங்காலைத் தவிர. நீயும் மருமகனும் சம்பந்தி அம்மாவும் அங்கை மெக்சிக்கோவிலை, புவேப்லாவிலை ஒரு குறையுமில்லாமல் இருக்கிறியள் எண்ட நம்பிக்கையோடைதான் பேனையைத் தூக்கியிருக்கிறன். போன் இருக்க அம்மா ஏன் கடுதாசி எழுதுறா எண்டு நீ யோசிப்பாய். இது போனிலை கதைக்கேலாத கதை பிள்ளை. நீ எடுத்தவுடனை அப்பா வழமைபோலை எழும்பிக் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போடுவார், ஆனால் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தானே எங்கடை குசினி, நானோ காது மந்தமெண்டு போனை ஸ்பீக்கரிலை போட்டு ஊருக்கே கேக்கிற மாதிரிக் கதைக்கிறனான். ரெண்டு வருசமா அந்த மனிசன் உன்னோடை ஒரு சொல் கதைக்கேல்லை, ஆனால் நீ என்னோடை கதைச்சதிலை ஒரு சொல்லும் அவருக்குத் தப்பேல்லை எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. அதாலைதான் எழுதுறன். சனிக்கிழமையளிலை நீ அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகேல்லை, எழுத்துக் கூட்டியெண்டாலும் முழுக்க வாசி, இடையிலை நிப்பாட்டாதை.

வீட்டுப் புதினம் முதல் சொல்லிப்போடுறன். அண்ணை றெனோல்ட் கர்க்லாண்டிலை வீட்டுக் கூரை மாத்துறான், ஒரு கிழமை வேலை எண்டு துவங்கினது இப்ப மாதமாகுது, அவன் வேலைக்காரரோடை பிரெஞ்சிலை சண்டைபிடிக்க அவங்கள் இங்கிலீசிலை மறுமொழி சொல்லுறாங்களாம். அவன்ரை சின்னவள் ஜெயனி கார்டறிக்கு, அதுதான் சின்னப் பிள்ளையளைப் பாக்கிற இடத்துக்கு, போகத் துவங்கின பிறகு தமிழ் நல்லாக் குறைஞ்சுபோச்சு, என்னைக் கண்டால் பொன்சூர் அப்பம்மா எண்டு கன்னத்திலை ரெண்டு பக்கமும் கொஞ்சுது, கோவிக்கவும் மனம் வருகுதில்லை. இஞ்சை பஸ் இன்னும் அதே பஸ்தான், மருந்தெடுக்கப் போனால் அரைநாள் போயிடும். குளிர் விடியவிலை துவங்கீட்டுது. உங்கடை ஊரும் மலைப்பக்கம், காலமை குளிரும் எண்டு நீ சொன்னனீ, தலை துவட்டாமல் வெளிக்கிட்டு ஓடாதை, தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடி.

இனி விசயத்துக்கு வாறன். போன மாரிக்கு உன்ரை சிநேகிதி றொஷினி உங்களிட்டை வந்து நிண்டுபோட்டுத் திரும்பேக்கை உன்ரை மாமி ஒரு விதைப் பைக்கற் குடுத்துவிட்டவவெல்லே. பைக்கற்றிலை இருந்த படத்தைப் பாத்து எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை, பச்சைத் தக்காளிக்கு ஆரோ கடுதாசியிலை சட்டை தைச்சுப் போட்ட மாதிரிக் கிடந்துது. நீ டொமாட்டியோ எண்டு பேர் சொன்னாய், அது என்ரை வாயிலை நிக்குதில்லை. கச்சான் கடலைக்குக் கோது இருக்கிற மாதிரித்தானே இதுக்கும், அதாலை நான் கோதுத் தக்காளி எண்டு பேர் வைச்சிட்டன், இப்ப கோயில் பெண்டுகள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம். ஏப்ரலிலை தயிர்க் கோப்பையளிலை விதை போட்டு யன்னலுக்குக் கீழை ஹீற்றருக்குக் கிட்ட வைச்சன். நல்லா முளைச்சுது. எனக்குத்தான் பொறுமையில்லையே, மே மாதம் ஒரு நாள் நல்ல வெயில் எறிக்குது எண்டு எல்லாத்தையும் வெளியிலை தூக்கி வைச்சிட்டு மறந்துபோய்ப் படுத்திட்டன், விடிய எழும்பிப் பாத்தால் குளிரிலை கருகிப்போய்க் கிடக்குது. ரெண்டே ரெண்டு கண்டுதான் தப்பிச்சுது. அதிலையும் ஒண்டு நோஞ்சான்.

உனக்கு அப்பாவின்ரை தோட்டம் தெரியும்தானே. கத்தரிக்கு ஒரு பாத்தி, பச்சைமிளகாய்க்கு ஒண்டு, பயித்தங்காய்க்குக் கயிறு, பாவலுக்குப் பந்தல், வேறை ஆரும் உள்ளுக்கை கால் வைக்கக்கூடாது. உங்கடை விதையெண்டு தெரிஞ்சதும் முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டு, உது காடு மாதிரிப் படரும், ஒண்டு காணும், மற்றதைக் கொண்டுபோய் எறி எண்டார். நான் எறியமாட்டன் எண்டன். அப்ப தாவெண்டு என்ரை கையிலை இருந்த நோஞ்சானைக் கோப்பையோடை பறிச்சு, குப்பை போடுற மண்ணிறத் தொட்டிப் பக்கமாக் கொண்டுபோட்டார். எனக்குச் சரியான கோவம். அண்டைக்கு மத்தியானம் சோறு போட்டுக் குடுக்கேல்லை, தானே போட்டுச் சாப்பிட்டார்.

மிஞ்சின ஒண்டைக் கராஜ் ஓரத்துப் பாத்தியிலை நட்டன், அது என்ன வளர்த்தி வளர்ந்துது தெரியுமே. யூலையிலை என்ரை இடுப்புக்கு வந்திட்டுது, கொப்புக்குக் கொப்பு மஞ்சள் பூ, நடுவிலை மண்ணிறப் பொட்டு, தேனீக்கள் வந்து மொய்க்குது. நான் தினமும் விடியக் கோப்பியும் கையுமாப் போய்ப் பாப்பன். பூ பூக்கும், விழும். பூக்கும், விழும். ஒரு பிஞ்சு இல்லை. அப்பதான் உனக்குப் போன் எடுத்துக் கேட்டனான், நீ மாமியைக் கேட்டுச் சொன்னனீ. அவ சிரிச்சுப்போட்டு, உது தனிய நிண்டால் எவ்வளவு பூத்தாலும் காய்க்காது, பக்கத்திலை இன்னொண்டு நிக்கவேணும், ரெண்டின்ரையும் பூவிலை தேனீ மாறி மாறி இருந்தால்தான் காய் பிடிக்கும் எண்டாவாம். தக்காளிக்கு இல்லாத எடுப்பு உதுக்கு. போனை வைச்சுப்போட்டு நான் குசினியிலை நிண்டு அழுதிட்டன் பிள்ளை, சொன்னால் வெக்கம். ஒரு கண்டுக்காக அழேல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கோவன் எண்டு நான் கேக்க, அப்பா தன்ரை வாயாலை வா எண்டு ஒரு சொல் சொன்னால் ரெண்டுபேரும் வருவம், சொல்லாமல் அந்தப் படியேறமாட்டன் எண்டு அதே போனிலை நீ சொன்னியெல்லே, அதுதான். நீ சொன்னதிலையும் பிழையில்லை. அவரிலையும் முழுப் பிழை எண்டு சொல்லமாட்டன். உன்ரை மனிசன் மெக்சிக்கோக்காரன் எண்டது அவருக்கு ஒரு பிரச்சினையுமில்லை, அதுவும் எங்களை மாதிரி வேதக்காரப் பொடியன்தானே. நீ அங்கை அரசாங்கக் கந்தோரிலை கையெழுத்து வைச்சுக் கலியாணத்தை முடிச்சுப்போட்டுப் பேந்து போனிலை சொன்னதுதான் அவருக்கு நெஞ்சிலை நிக்குது. ரெண்டுபேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம், நடுவிலை கிடந்து நான் இழுபடுறன்.

அண்டைக்குத்தான் நான் குசினி மாதாவுக்கு முன்னாலை நிண்டு நேர்த்தி வைச்சன். அம்மா தாயே, இந்தக் கண்டிலை காய் வந்தால் முதல் காய் உன்ரை திருநாளுக்கு, நீ இந்த மனிசனை என்ரை பிள்ளையோடை ஒரு சொல் கதைக்க வை எண்டு. நான் மாதாவோடை மனதுக்குள்ளை கதைக்கிறேல்லை, வாய்விட்டுத்தான் கதைக்கிறனான், அது உனக்குத் தெரியும். காய்க்காத கண்டிலை ஆராவது நேர்த்தி வைப்பினமோ எண்டு கேக்காதை. காய்க்கிறதிலை வைக்கிறதுக்கு மாதா எதுக்கு.

அந்தக் கிழமையிலை இருந்து அப்பா ஒரு புதுப் பழக்கம் பிடிச்சார். மீன் கழுவின தண்ணியை சிங்கிலை ஊத்தாதை, கத்தரிக்கு நல்லது, தாவெண்டு வாங்கிக்கொண்டு போவார். நானும் நம்பினன். அதின்ரை மணத்துக்கு அந்த நாத்தம் பீச்சிற ஸ்கங்க் வந்து வளவைச் சுத்தி, ஒரு நாள் முழுக்க யன்னல் திறக்கேலாமல் போச்சு, அப்பவும் மனிசன் விடேல்லை. ஓகஸ்ற் நடுவிலை ஒரு நாள் போய்ப் பாக்கிறன், பூ விழுந்த இடத்திலை குட்டிக் குட்டிக் கோது தொங்குது. விரலாலை அமத்திப் பாத்தன், வெறும் காத்து. ரெண்டொரு நாளிலை திரும்ப அமத்தினன், உள்ளுக்கை கடலையளவிலை ஏதோ தட்டுப்பட்டுது. எனக்கு உடம்பு புல்லரிச்சுப்போச்சு பிள்ளை. அற்புதம், மாதா புதுமை செய்துபோட்டா எண்டு பக்கத்து வீட்டுப் புஷ்பவதியைக் கூப்பிட்டுக் காட்டினன், கோயில் பெண்டுகளுக்கெல்லாம் போன் எடுத்தன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சுவாமியாருக்கும் சொன்னன். தனிக் கண்டு, காய்க்காது எண்டு மெக்சிக்கோவிலையே சொல்லிப்போட்டினம், காய்ச்சுப்போட்டுது எண்டு. அப்பா பக்கத்திலை நிண்டு சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்.

திருநாளுக்கு முதல்நாள் கோயில் பாயாசத்துக்குப் பெரிய கிடாரம் கேட்டிருந்தினம். அது கராஜுக்குப் பின்னாலை, வேலிக்கும் சுவருக்கும் இடையிலை கிடந்தது, என்ரை காலோடை நான் அந்தப் பக்கம் போறேல்லை. போனன். அங்கை ஒரு வெள்ளை வாளி, வாளிக்குள்ளை ஒரு கோதுத் தக்காளிக் கண்டு. ஓம், நோஞ்சான்தான். நோஞ்சான் எண்டால் ஆரும் நம்பமாட்டினம், தடி ஊண்டி, அப்பாவின்ரை பழைய சாரத்தைக் கிழிச்சு நோகாமல் கட்டி, மண்ணுக்கு மேலை மீன் செதில் மினுங்குது. கோது கோதாத் தொங்குது. வாளியை இழுத்துக்கொண்டு வந்த தடமும் நிலத்திலை இருந்துது, முதல் ரோட்டுப் பக்கத்து மூலையிலை மறைச்சு வைச்சிருந்தவர், பேந்து என்ரை பாத்திக்குக் கிட்டவா இழுத்திருக்கிறார். சுவருக்கு அங்காலை நிண்டு கேட்டவர்தானே, பக்கத்திலை இன்னொண்டு நிக்கவேணும் எண்டு. நான் கிடாரத்தைக் கவிட்டுப்போட்டு அதுக்கு மேலை இருந்து சிரிச்சன், பேந்து அழுதன், பேந்து திரும்பச் சிரிச்சன். எறியிறன் எண்டு கொண்டுபோன மனிசன். உன்ரை வீட்டிலை இருந்து வந்த கண்டை எறிய அவருக்குக் கை வரேல்லை, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பெரிய தலையிடி. புதுமை எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன், சுவாமியார் பிரசங்கத்திலை சொன்னாலும் சொல்லிப்போடுவார். ஓடிப்போய்ப் புஷ்பவதியிட்டைச் சொன்னன். அவ மட்டக்களப்புக்காரி, சைவம், எண்டாலும் வருசா வருசம் திருநாளுக்கு மாதாவுக்கு ஒரு கறிவேப்பிலைக் கண்டு கொண்டுவாறவ. அவ சொன்னா, என்ன புள்ள உனக்கு விசரா, செடி காய்க்கிறது பெரிய புதுமையா, உன்ர மனுசன் வெயிலுக்குள்ள வாளி இழுத்ததுதான் புதுமை எண்டு. அது சரியெண்டு பட்டுது. நான் அப்பாவிட்டை ஒரு சொல்லும் கேக்கேல்லை. பாத்தியிலை நல்லா முத்தி, கோது இறுகி வெடிக்கப் பாத்த காயளைப் பிடுங்கினன், அப்பிடிக் கோது வெடிக்கேக்கைதான் பதமாம். பேந்து வாளிப் பக்கம் போய் அதிலையும் ஒரு கை பிடுங்கி அதே பையிலை போட்டன். பின்னேரம் அவர் தண்ணி ஊத்தப் போயிருப்பார், குறைஞ்சதைக் கண்டிருப்பார். அவரும் ஒரு சொல்லும் கேக்கேல்லை.

திருநாள் பூசை முடிய, நேர்த்திக்குக் கொண்டுவந்த சாமான்களுக்கு மண்டபத்திலை ஏலம். உனக்கு ஞாபகமிருக்கும், சின்னனிலை நீ ஒரு பூசணிக்காயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குடுக்கமாட்டன் எண்டு அழுதனீ. இந்தமுறையும் அன்டன்தான் ஏலம் கூறினது. புஷ்பவதியின்ரை கறிவேப்பிலைக்கு ஆலாய்ப் பறந்தினம். முருங்கை, முட்டை, பாவற்காய் எல்லாம் போச்சுது. பேந்து என்ரை பையைத் தூக்கினான், திருப்பித் திருப்பிப் பாத்தான், கத்தரின் அக்காவின்ரை புதுமைக் காய், பேர் எனக்கு வராது, ஆர் கேக்கிறியள் எண்டான். ஒருத்தரும் விலை கேக்கேல்லை. புதுமையெண்டு கேட்டு ஆவெண்டு நிண்ட சனம்தான், ஆனால் என்னண்டு சமைக்கிறதெண்டு தெரியாத சாமானை ஆர் எடுப்பினம். எனக்கு முகம் சூடாகிப்போச்சு, நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். அப்ப பின்னுக்கிருந்து ஒரு செருமல், ஒரு விலை சொல்லிக் கேக்குது. திரும்பிப் பாத்தால் உன்ரை அப்பா. அன்டன் பகிடிக்கு, காணாது அண்ணை எண்டான். மனிசன் கூட்டிச் சொன்னார். எதிர்க் கேள்வி ஒருத்தரும் கேக்கேல்லை, தன்ரை விலைக்கு மேலை தானே திரும்பவும் கூட்டினார், மண்டபம் முழுக்கச் சிரிக்குது. வீட்டிலை காய்ச்சதை இவ்வளவு குடுத்து வாங்கிறியளே, அப்பிடி என்ன சாமான் அண்ணை இது எண்டு அன்டன் கேட்டான்.

"என்ரை மகள் வீட்டுச் சாமான்" எண்டார்.

அதுக்குப் பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்லை. உன்னைப் பற்றின பேச்சு அந்த மண்டபத்திலை அவரின்ரை வாயாலை வந்து எவ்வளவு காலம். பையை வாங்கி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு காருக்குப் போனார், நான் பின்னாலை பாயாசக் கிடாரத்தோடை போனன், அதைக்கூட வாங்கேல்லை.

வீட்டை வந்து மேசையிலை வைச்சுப்போட்டு, இதை என்னண்டு சமைக்கிறது எண்டு கேட்டார். உன்ரை மாமி சொன்னபடி செய்தன். கோதை உரிச்சால் காயிலை பசை மாதிரி ஒட்டும், அதைச் சுடுதண்ணியிலை கழுவிப்போட்டு, சட்டியிலை எண்ணெயில்லாமல் அங்கை இங்கை கருகுமட்டும் வாட்டி, பச்சைமிளகாய் உள்ளி கொத்தமல்லித்தழை உப்புப் போட்டு அரைச்சன். மாமியின்ரை கணக்குக்கு மிளகாய் காணாது, நான் அப்பாவின்ரை பாத்தி மிளகாய் இன்னும் கொஞ்சம் போட்டன். பிட்டோடை வைச்சன். சம்பல் மாதிரித்தான் இருக்கு, ஆனால் புளி வேறை புளி, அப்பா ரெண்டாந்தரமும் பிட்டுப் போட்டார். பேந்து நான் நிக்கேல்லை, பழப்புளிக்குப் பதிலா மீன் குழம்புக்குப் போட்டன், சொதிக்குத் தேசிக்காய் விடாமல் இதை ரெண்டு வெட்டிப் போட்டன், முத்திக் கோதுக்குள்ளையே மஞ்சளானது இனிப்பு, அது குழம்புக்கு உதவாது, ஜெயனி வந்தால் கோதைக் கிழிச்சுக் கிழிச்சுச் சாப்பிடுது. கோதோடை கூடையிலை வைச்சால் கிழமைக்கணக்கிலை கெடாது. மாமியைக் கேள், அவ மீனுக்குப் போடுறவவோ எண்டு. இல்லாட்டி நான் சொல்லித் தாறன்.

வாளி இப்ப ஒளிஞ்சு நிக்கேல்லை, பாத்திக்குப் பக்கத்திலையே நிக்குது. ஆர் கொண்டுவந்து வைச்சதெண்டு நான் கேக்கேல்லை. அடுத்த கிழமை உறைபனி வருமெண்டு ரீவியிலை சொல்லினம், அதாலை நேற்று ரெண்டு கண்டிலையும் மிச்சமெல்லாம் பிடுங்கினார், மேசையிலை குவிச்சுப்போட்டு ரெண்டுபேரும் இருந்து கோது பாத்துத் தெரிஞ்சம். நல்ல பழுத்ததை விதைக்கெண்டு அப்பா தனிய எடுத்து வைச்சார். பேந்து தலை நிமித்தாமல், கையிலை இருந்த காயை உரிச்சுக்கொண்டு கேக்கிறார்,

"உந்தப் பொடியன்ரை உயரம் என்ன?"

எந்தப் பொடியன் எண்டு கேக்க வாய் வந்துது, நல்லவேளை அடக்கிப்போட்டன். ஏன் எண்டன். பிள்ளையின்ரை அறையிலை கிடக்கிறது அவள் பள்ளிக்கூடம் போகேக்கை வாங்கின ஒற்றைக் கட்டில், கால் வெளியிலை நீட்டும், நத்தாரிலை இஞ்சை என்ன குளிர் எண்டு தெரியாதே எண்டார். சொல்லிப்போட்டு எழும்பிக் கராஜுக்குப் போயிட்டார், போன் அடிக்காமலே.

பிள்ளை, நான் மாதாவிட்டைக் கேட்டது அவர் உன்னோடை ஒரு சொல் கதைக்கவேணும் எண்டு. அதை அவ இன்னும் தரேல்லை. நீ கேட்டது வா எண்டு ஒரு சொல். உன்ரை அப்பாவை எனக்குத் தெரியும், உந்த உயரம் கேட்டதுதான் அவரின்ரை வா. இதைவிட அந்த மனிசனுக்கு வராது, நீ இன்னும் நிண்டு சொல்லுக்குக் காத்திருந்தால் நான் கிழவியாகிப்போவன். அவர் வாளி இழுத்து முடிச்சிட்டார், இனி நீதான் மிச்சம். எனக்கு உன்னைப் பாக்கவேணும் மோனை. மருமகனையும் நேரிலை பாக்கவேணும், போனிலை அவன்ரை நெத்தி மட்டும்தான் தெரியுது.

மாதா உங்களை ரெண்டு கையாலும் காக்கட்டும், அந்தோனியார் வழித்துணையா வரட்டும், சம்பந்தி அம்மாவுக்கு என்ரை அன்பையும் அந்த விதைக்கு நன்றியையும் சொல்லு. வரேக்கை தடிப்பான சப்பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ, இஞ்சை வந்து வாங்கலாம் எண்டு வந்து எயார்போட்டிலை நடுங்காதையுங்கோ. மறக்காமல் மருமகன்ரை உயரத்தை உடனை எழுதி அனுப்பு. அடியிலை வேண்டாம், சென்ரிமீற்றரிலை எழுது, கட்டில் கடையிலை அப்பிடித்தான் கேக்கினமாம். அவர் போய் விசாரிச்சுப்போட்டுத்தான் வந்து என்னைக் கேட்டிருக்கிறார்.

உன்ரை வரவை வாசலிலை பாத்திருக்கும்
அம்மா
கத்தரின் சவிரிமுத்து